பன்னாட்டுச் சங்கம் தோற்றதற்குக் கைடு புத்தகம் சொல்லும் மூன்று காரணம் போதுமா?

போட்டித் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லி மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். ஐ.நா. சபைக்கு முன்னால் உலக அமைதிக்காக நாடுகள் கூடிச் செய்தவை எல்லாமே வீண்தானா? முதல் உலகப் போருக்குப் பிறகு நாடுகள் சேர்ந்து தொடங்கிய பன்னாட்டுச் சங்கம் (League of Nations) தோற்றதற்கு அமெரிக்கா சேராதது, சொந்தப் படை இல்லாதது, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்ற விதி என்று கைடு புத்தகம் மூன்று காரணம் சொல்கிறதே, அது போதுமா? கடைசியாக, வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்த இந்தியா அதில் எப்படி உறுப்பினரானது? முதல் இரண்டும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன. ஒரு பெரிய நாடு சண்டைக்கு இறங்கிவிட்டால் மற்ற நாடுகள் கூடி அதைத் தடுக்க முடியுமா, இல்லை அதெல்லாம் பேச்சோடு சரியா என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது.

கல்லூரியில் இருபதாம் நூற்றாண்டு உலக வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஜெனீவாவில் உட்கார்ந்து சங்கத்தின் ஆவணங்களைப் புரட்டியவன் இல்லை. அப்படிப் புரட்டியவர்கள் எழுதியதைப் படித்துச் சொல்லிக்கொடுத்தவன். ஆகவே எது எப்போது நடந்தது என்பதை உறுதியாகச் சொல்வேன். ஒரு பிரதமரோ சர்வாதிகாரியோ மனதுக்குள் என்ன கணக்குப் போட்டார் என்பதில் வரலாற்று ஆசிரியர்களே ஒத்துப்போவதில்லை. அந்த இடங்கள் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

கதையை 1815இல் தொடங்குவது வழக்கம். நெப்போலியனைத் தோற்கடித்த பிரிட்டன், ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா நான்கும் ஐரோப்பாவின் எல்லைகளைப் பேசி முடித்த கையோடு, இனி பிரச்சினை வந்தால் கூடிப் பேசுவோம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. 1818இல் தோற்றுப்போன பிரான்சையும் சேர்த்துக்கொண்டார்கள். இதற்குச் செயலகம் கிடையாது, எழுதிவைத்த நடைமுறை கிடையாது, சின்ன நாடுகளுக்கு நாற்காலியும் கிடையாது. அரசியல் சட்டம் கேட்டு மக்கள் கிளர்ந்த நேப்பிள்ஸிலும் ஸ்பெயினிலும் படை நுழைந்து அடக்கியது இந்தக் கூட்டங்களின் நிழலில்தான். அமைதி என்றால் மன்னர்களின் அமைதி. ஆனாலும் 1830இல் நெதர்லாந்திலிருந்து பெல்ஜியம் பிரிந்தபோது, அது ஐரோப்பியப் போராகப் பற்றிக்கொள்ளாமல் லண்டனில் தூதர்கள் உட்கார்ந்து பேசியே முடித்தார்கள். பழைய ஏற்பாடு உருப்படியாகச் செய்த காரியங்களில் அது ஒன்று.

இன்னொரு பக்கம், சண்டையை நடுவர்களிடம் விடும் பழக்கம் மெதுவாக வளர்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென் மாநிலங்களுக்காகப் பிரிட்டனில் கட்டப்பட்ட அலபாமா என்ற கப்பல், வட மாநிலங்களின் வணிகக் கப்பல்களை நாசம் செய்தது. அமெரிக்கா நஷ்டஈடு கேட்டது. பல ஆண்டுகள் இழுத்த அந்தத் தகராறை 1872இல் ஜெனீவாவில் ஐந்து நடுவர்கள் கேட்டு, பிரிட்டன் 1 கோடியே 55 லட்சம் டாலர் தரவேண்டும் என்றார்கள். அன்றைக்கு உலகின் முதல் கடற்படை வைத்திருந்த நாடு முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கட்டியது. சட்டம் தெரிந்தவர்களுக்கு இது பெரிய நம்பிக்கை கொடுத்தது.

அந்த நம்பிக்கையின் உச்சம் ஹேக் நகரத்து மாநாடுகள். 1898 ஆகஸ்டில் ரஷ்யாவின் ஜார் இரண்டாம் நிக்கோலஸ் திடீரென்று ஆயுதக் குறைப்புக்கு அழைப்பு விடுத்தார். மறு ஆண்டு 26 நாடுகள் கூடின. 1907இல் 44 நாடுகள். ஜாருக்கு ஏன் அந்த ஞானோதயம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆஸ்திரியா வேகமாகச் சுடும் பீரங்கிகளுக்கு மாறப்போகிறது, அதோடு போட்டிபோட ரஷ்யக் கஜானாவில் பணமில்லை என்பது ஒரு விளக்கம். உண்மையான மனமாற்றம் என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் கலந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆயுதக் குறைப்பில் ஒன்றும் நடக்கவில்லை. போர் விதிகளில் கொஞ்சம் நடந்தது. உடம்புக்குள் போனதும் விரிந்து சிதைக்கும் தோட்டாவைத் தடை செய்தார்கள். அந்தத் தோட்டாவுக்கு உலகம் முழுக்க இன்றும் இருக்கும் பெயர் ‘டம்டம்’. கல்கத்தாவுக்கு அருகில் டம்டம் ராணுவத் தொழிற்சாலையில் செய்ததால் வந்த பெயர் அது. 1899இல் பிரிட்டன் அந்தத் தடையை எதிர்த்தது.

ஹேக் மாநாடு விட்டுச்சென்றவற்றில் முக்கியமானது நிரந்தர நடுவர் மன்றம். பெயரில்தான் நிரந்தரம்; உண்மையில் நடுவர்களின் பட்டியலும் ஓர் அலுவலகமும்தான் அது. அதோடு சர்வதேச விசாரணைக் குழு என்ற ஏற்பாடும் வந்தது. இது உடனே பயன்பட்டது. 1904 அக்டோபரில் ஜப்பானோடு போரிடப் போய்க்கொண்டிருந்த ரஷ்யக் கடற்படை, வட கடலில் இரவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஆங்கிலேயப் படகுகளை ஜப்பானிய டார்பிடோ படகுகள் என்று நினைத்துச் சுட்டுத் தள்ளியது. லண்டனில் கொதிப்பு, போர் வந்துவிடும் போல இருந்தது. பிரான்ஸ் நடுவில் வந்து, பாரிஸில் விசாரணைக் குழு அமர்ந்து, 1905இல் ரஷ்யா நஷ்டஈடு கொடுத்து விஷயம் முடிந்தது. இரண்டு தரப்புக்கும் சண்டை வேண்டாம் என்ற எண்ணம் இருந்தால், இறங்கி வர ஒரு படிக்கட்டு போதும். ஹேக் அதைக் கொடுத்தது.

வேண்டும் என்று ஒரு தரப்பு நினைத்தால்? 1914 ஜூலையில் அதுதான் சோதனைக்கு வந்தது. ஆஸ்திரியாவின் இறுதி எச்சரிக்கைக்கு செர்பியா கொடுத்த பதிலில், வேண்டுமானால் ஹேக் மன்றத்திடம் விடலாம் என்று ஒரு வரி இருக்கிறது. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கிரே, சம்பந்தப்படாத நான்கு நாடுகள் கூடிப் பேசலாம் என்றார், ஜெர்மனி மறுத்தது. ஜூலை 29இல் ஜாரே தன் உறவினரான ஜெர்மன் பேரரசர் கைசருக்குத் தந்தி அடித்து, ஆஸ்திரிய-செர்பியப் பிரச்சினையை ஹேக்குக்கு அனுப்பலாமே என்று கேட்டார். எதற்கும் பலனில்லை. ஹேக்குக்குப் போகவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. போகாதவனை என்ன செய்வது என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. மூன்றாவது ஹேக் மாநாட்டை 1915இல் நடத்துவதாக இருந்தார்கள்.

பன்னாட்டுச் சங்கத்தின் சாசனத்தை இந்தப் பின்னணியில் படித்தால் அதன் நோக்கம் சட்டென்று பிடிபடும். 1914இல் ஐந்தாறு வாரத்தில் எல்லாம் கைமீறிப் போனது. ஆகவே ஆறப்போட வேண்டும் என்றார்கள். தகராறை நடுவர் மன்றத்துக்கோ, பெரிய நாடுகளும் சில சிறிய நாடுகளும் அமர்ந்த சங்கத்தின் ஆட்சிமன்றத்துக்கோ கொண்டுபோக வேண்டும், தீர்ப்போ அறிக்கையோ வந்து மூன்று மாதம் வரைக்கும் போரில் இறங்கக் கூடாது என்பது 12ஆம் விதி. மீறிப் போருக்குப் போகிறவன் எல்லா உறுப்பினர்களுக்கும் எதிராகப் போர் தொடுத்ததாகக் கொள்ளப்படுவான், அவனோடு வர்த்தகத்தையும் பணப் பரிமாற்றத்தையும் உடனே அறுத்துக்கொள்ள வேண்டும் என்பது 16ஆம் விதி. காகிதத்தில் இது பல் உள்ள ஏற்பாடுதான். 1920 ஜனவரி 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க அதிபர் வில்சன் வாதாடி உருவாக்கிய இந்தச் சங்கத்தில் அவருடைய நாடே சேரவில்லை. சங்கத்தின் சாசனம் அடங்கிய வெர்சாய் ஒப்பந்தத்தை ஊர் ஊராக ஆதரித்துப் பேசிக்கொண்டு போனவர் 1919 அக்டோபரில் பக்கவாதத்தில் விழுந்தார்; செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவர் லாட்ஜ் வைத்த நிபந்தனைகளை ஏற்கவும் மறுத்தார்; மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைக்கவில்லை.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். வரலாற்றில் சோதனைச்சாலை கிடையாது என்பார்கள். ஆனால் 1923க்கும் 1925க்கும் இடையில் கிட்டத்தட்ட ஒரு சோதனை நடந்தது. விதிகள் அதே, சங்கம் அதே, இரண்டிலும் ஒரு தரப்பு கிரீஸ். முடிவு மட்டும் நேர்மாறு.

1923 ஆகஸ்ட் 27. கிரீஸுக்கும் அல்பேனியாவுக்கும் எல்லை குறித்துக்கொண்டிருந்த இத்தாலிய ஜெனரல் டெல்லினியையும் உடன் இருந்தவர்களையும் கிரேக்க மண்ணில் யாரோ மறைந்திருந்து கொன்றுவிட்டார்கள். கொன்றது யார் என்று கடைசிவரை உறுதியாகவில்லை. இத்தாலியில் முசோலினி ஆட்சிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மன்னிப்பு, இறந்தவர்களுக்கு மரியாதை, 5 கோடி லிரா நஷ்டஈடு என்று ஏதென்ஸுக்கு நிபந்தனைப் பட்டியல் போனது. கிரீஸ் சிலவற்றை ஏற்றது, சிலவற்றை மறுத்தது. ஆகஸ்ட் 31இல் இத்தாலியக் கப்பல்கள் கோர்ஃபு தீவின் பழைய கோட்டையைக் குண்டு வீசித் தாக்கின. உள்ளே இருந்தவர்கள் துருக்கியிலிருந்து தப்பி வந்த அகதிகளும் அனாதைக் குழந்தைகளும். பலர் செத்தார்கள். தீவை இத்தாலி பிடித்துக்கொண்டது.

கிரீஸ் ஜெனீவாவுக்கு ஓடியது. சிறிய நாடுகள் எல்லாம் கொதித்தன. சங்கத்துக்கு இதில் அதிகாரமே இல்லை என்று இத்தாலி சாதித்தது. தலையிட்டால் வெளியேறிவிடுவோம் என்ற மிரட்டலும் இருந்தது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் பிரான்ஸ் ஜெர்மனியின் ரூர் பகுதிக்குள் படையோடு நுழைந்திருந்தது. அதற்கு இத்தாலியின் ஆதரவு தேவை. தவிர, படையெடுத்து நஷ்டஈடு வசூலிப்பதைச் சங்கம் விசாரிக்கலாம் என்று ஒத்துக்கொண்டால் நாளை தன் கதையும் அங்கே வரும். பிரிட்டனுக்குத் தனியாக மோத மனமில்லை. கடைசியில் விஷயத்தைச் சங்கத்திடமிருந்து எடுத்து, போரில் வென்ற நாடுகளின் தூதர்கள் பாரிஸில் நடத்திய தனிக் குழுவிடம் ஒப்படைத்தார்கள். அந்தக் குழுவில் இத்தாலியும் உட்கார்ந்திருந்தது! கிரீஸ் 5 கோடி லிராவையும் கட்டவேண்டும் என்று தீர்ப்பு. செப்டம்பர் 27இல் இத்தாலி தீவை விட்டு வெளியேறியது. வெளியேறியதே சங்கத்துக்கு வெற்றி என்று அன்று எழுதியவர்கள் உண்டு. முசோலினி அப்படி நினைத்திருக்க மாட்டார்.

1925 அக்டோபர் 19. கிரீஸ்-பல்கேரியா எல்லையில் காவல் வீரர்களுக்குள் துப்பாக்கிச் சூடு. கிரேக்க வீரன் ஒருவன் தன் நாயைத் துரத்திக்கொண்டு எல்லை தாண்டினான், அதில் வந்தது வினை என்று ஒரு கதை உண்டு. சுவையான கதை, ஆனால் அதை உறுதியான வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உறுதியானது இது: கிரீஸின் சர்வாதிகாரி பங்கலோஸ் படையைப் பல்கேரியாவுக்குள் அனுப்பினார், அது பெட்ரிச் நகரத்தை நோக்கி நகர்ந்தது. பல்கேரியா சங்கத்துக்குத் தந்தி அடித்தது. ஆட்சிமன்றத் தலைவராக இருந்த பிரான்சின் பிரியான் அன்றே இரு நாடுகளுக்கும் நிறுத்துங்கள் என்று பதில் தந்தி அனுப்பினார். மன்றம் பாரிஸில் கூடியது. 24 மணி நேரத்தில் உத்தரவு பிறப்பியுங்கள், 60 மணி நேரத்துக்குள் படை எல்லைக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்றது. பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி ராணுவ அதிகாரிகள் நேரில் போய்ப் பார்த்தார்கள். படை திரும்பியது. அப்புறம் பிரிட்டிஷ் தூதர் ரம்போல்டு தலைமையில் விசாரணைக் குழு போய், கிரீஸ் 45,000 பவுண்டு நஷ்டஈடு தரவேண்டும் என்றது. கிரீஸ் கட்டியது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோர்ஃபுவில் அடிவாங்கியவனே பணமும் கட்டினான். பெட்ரிச்சில் அடித்தவன் கட்டினான். இரண்டு தடவையும் கட்டியது கிரீஸ். இதில் அநியாயம் இருக்கிறது என்று கிரேக்கர்கள் குமுறியதில் தப்பே இல்லை. படை இல்லாத சங்கம்தான் பெட்ரிச்சில் மூன்றே நாளில் ஒரு படையைத் திரும்பி நடக்க வைத்தது. அமெரிக்கா இரண்டிலும் இல்லை. ஆட்சிமன்றத்தில் ஒருமித்த முடிவு வேண்டும் என்ற விதி இரண்டிலும் இருந்தது. மாறியது ஒன்றுதான்: 1925இல் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி மூன்றும் ஒரே பக்கம் நின்றன, கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டியவன் சின்னவன். 1923இல் குற்றவாளியே பெரியவர்களில் ஒருவன். ஊர்ப் பஞ்சாயத்தில் பண்ணையாரும் ஒரு நாட்டாமையாக உட்கார்ந்திருந்தால் யாருடைய வாய்க்கால் தகராறு தீரும், யாருடையது தீராது என்பது நமக்குத் தெரியாததா.

இந்த வரம்புக்குள் சங்கம் செய்த வேலை குறைவில்லை. பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் இடையில் இருந்த ஆலந்து தீவுகள் விவகாரத்தில், தீவு பின்லாந்துக்கு, ஆனால் அங்குள்ள மக்களின் ஸ்வீடிஷ் மொழிக்கும் தன்னாட்சிக்கும் உத்தரவாதம், படை வைக்கக் கூடாது என்று 1921இல் முடிவு சொன்னது. அந்த ஏற்பாடு இன்றும் நிற்கிறது. சிறுபான்மை மொழிச் சிக்கல் உள்ள எந்த நாட்டைப் பற்றிப் பேசும்போதும் அந்தத் தீவை இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். 1933-34இல் கொலம்பியாவும் பெருவும் அடித்துக்கொண்ட லெட்டிசியாவைச் சங்கத்தின் குழுவே ஓராண்டு நிர்வகித்து, கொலம்பியாவிடம் ஒப்படைத்தது. 1935 ஜனவரியில் ஸார்லாந்து மக்கள் ஜெர்மனியோடு சேர்வதா என்று வாக்களித்தபோது, பிரிட்டன், இத்தாலி, ஸ்வீடன், நெதர்லாந்து நாடுகளின் சுமார் 3,300 வீரர்கள் சங்கத்தின் பெயரில் காவலுக்கு நின்றார்கள். ஐ.நா. அமைதிப் படைக்கு முன்னோடி என்று அதைத்தான் சொல்ல வேண்டும். கைடுகளில் ஏனோ வருவதில்லை. அதேபோல் போலந்து 1920இல் லிதுவேனியாவிடமிருந்து வில்னாவைப் பிடித்துக்கொண்டபோது சங்கத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதும் வருவதில்லை. போலந்தின் பின்னால் பிரான்ஸ் இருந்தது.

சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவுக்கு வருவோம். 1931 செப்டம்பர் 18 இரவு முக்டன் அருகே ரயில் பாதையில் ஒரு வெடிப்பு. வைத்தவர்கள் ஜப்பானிய ராணுவ அதிகாரிகளே, பழி சீனர்கள்மேல். சில மாதங்களில் மஞ்சூரியா முழுவதும் ஜப்பான் கையில். ஒருமித்த முடிவு விதியைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அது இங்கேதான் முழுதாகத் தெரியும். அக்டோபரில் ஆட்சிமன்றம் 11ஆம் விதியின்கீழ் படையைத் திரும்பப் பெறச் சொல்லி வாக்கெடுத்தபோது 13க்கு 1. எதிர்த்த ஒன்று ஜப்பான், அதனால் சட்டப்படி தீர்மானம் நிற்கவில்லை. ஆனால் 15ஆம் விதியின்கீழ் வந்தால் தகராறில் உள்ள நாடுகளின் ஓட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. லிட்டன் பிரபு தலைமையில் போன குழுவின் அறிக்கை அந்த வழியாகத்தான் 1933 பிப்ரவரி 24இல், எல்லா உறுப்பினர்களும் கூடும் பேரவைக்கு வந்தது. 42 ஆதரவு, ஜப்பான் மட்டும் எதிர்ப்பு, சயாம் (இன்றைய தாய்லாந்து) எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை. தீர்மானம் சட்டப்படி நிறைவேறியது. ஜப்பானின் பிரதிநிதி மட்சுவோகா தன் குழுவோடு எழுந்து வெளியே போனார். அதோடு சரி. விதி தடுத்தது என்பது பாதி உண்மைதான். விதி வழிவிட்ட பிறகும் யாரும் வர்த்தகத்தை அறுக்கவில்லை, தூதரைத் திரும்பப் பெறவில்லை. உலகப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம் அது. சீனக் கடலில் ஜப்பானோடு மோதும் நிலையில் பிரிட்டிஷ் கடற்படை இல்லை.

ஜப்பானைப் பற்றி ஓர் இடைச்செருகல். 1919இல் சாசனம் எழுதியபோது, இனச் சமத்துவம் பற்றி ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லி ஜப்பான் கேட்டது. குழுவில் 17 ஓட்டில் 11 ஆதரவு. முக்கியமான விஷயத்துக்கு எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, தலைமையில் இருந்த வில்சன் அதைத் தள்ளிவிட்டார். அதனால்தான் ஜப்பான் 1931இல் அப்படி நடந்தது என்று முடிச்சுப் போடுவது மிகை. ஆனால் மஞ்சூரியாவைப் பற்றி வெள்ளைக்கார நாடுகள் நீதி பேசியபோது டோக்கியோவில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று புரிந்துகொள்ள இது உதவும்.

அபிசீனியாவில் (இன்றைய எத்தியோப்பியா)தான் சங்கம் நிஜமாகவே செத்தது. இத்தாலி 1935 அக்டோபர் 3இல் படையெடுத்தது. நான்கே நாளில் ஆட்சிமன்றம் இத்தாலியைச் சாசனத்தை மீறிய நாடு என்று அறிவித்தது. நவம்பர் 18இலிருந்து பொருளாதாரத் தடை. ஐம்பது நாடுகள் வரை சேர்ந்தன. உலகம் அதுவரை பார்க்காத ஒற்றுமை அது. பிரிட்டனில் அந்த வருடம் நடந்த அமைதி வாக்கெடுப்பில் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்து, பெருவாரியாகப் பொருளாதாரத் தடையை ஆதரித்திருந்தார்கள். ஆக மக்கள் ஆதரவு இல்லை என்ற சாக்குக்கும் இடமில்லை. தடைப் பட்டியலில் ஆயுதம் இருந்தது, கடன் இருந்தது, ரப்பர் இருந்தது. பெட்ரோலியம் இல்லை. இத்தாலியப் படைகள் போய்வந்த சூயஸ் கால்வாயை மூடவும் இல்லை.

ஏன்? சங்கத்துக்கு வெளியே இருக்கும் அமெரிக்கா எண்ணெய் விற்கும், தடை பலிக்காது என்று சொன்னார்கள். அமெரிக்கா சேராததன் விலை நேராகத் தெரிவது இந்த இடத்தில்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் பாரிஸிலும் லண்டனிலும் இருந்தது. ஹிட்லருக்கு எதிராக முசோலினியைத் தங்கள் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு அரசுகளும் நினைத்தன. டிசம்பரில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஹோரும் பிரான்சின் பிரதமர் லாவாலும் அபிசீனியாவின் பெரும் பகுதியை இத்தாலிக்குத் தூக்கிக் கொடுக்கும் திட்டத்தை இரகசியமாகப் பேசி முடித்தார்கள். பத்திரிகையில் கசிந்ததும் ஹோர் பதவி விலக வேண்டியதாயிற்று. மிச்சமிருந்த நம்பிக்கையும் அன்றோடு போனது. விஷவாயு பயன்படுத்தி முன்னேறிய இத்தாலி 1936 மே மாதம் அடிஸ் அபாபாவைப் பிடித்தது. ஜூன் 30இல் பேரரசர் ஹெய்லி செலாசி ஜெனீவாவில் வந்து பேசினார். இத்தாலியப் பத்திரிகையாளர்கள் விசில் அடித்துக் கூச்சல் போட்டார்கள். இரண்டு வாரத்தில் தடைகளை விலக்கிக்கொண்டார்கள். முசோலினியோ எப்படியும் ஹிட்லர் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

எண்ணெயை நிறுத்தியிருந்தால் ஒரே வாரத்தில் நான் பின்வாங்கியிருப்பேன் என்று முசோலினி பிறகு ஹிட்லரிடம் சொன்னதாக ஹிட்லரின் மொழிபெயர்ப்பாளர் எழுதியிருக்கிறார். எல்லோரும் விரும்பி மேற்கோள் காட்டும் வரி. ஆனால் அது ஒருவருடைய நினைவுக் குறிப்பு. முசோலினிக்கு நாடகமாகப் பேசும் பழக்கமும் உண்டு. அதை வைத்து வழக்கை முடிக்க முடியாது. என்னுடைய கணிப்பு, எண்ணெய்த் தடையும் சூயஸ் மூடலும் சேர்ந்து வந்திருந்தால் போர் நின்றிருக்கும் என்பது. நிரூபிக்க முடியாத கணிப்புதான்.

அந்த மூன்று காரணங்களை இப்போது எடைபோடலாம். சொந்தப் படை இல்லை என்பது பலவீனமான காரணம், ஐ.நா.வுக்கும் சொந்தப் படை கிடையாது. உறுப்பு நாடுகள் படையை ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற 43ஆம் பிரிவின்படி இதுவரை ஓர் ஒப்பந்தமும் போடப்படவில்லை. ஒருமித்த முடிவு என்ற விதி பாதிக் காரணம், மஞ்சூரியாவில் பார்த்தோம். அமெரிக்கா சேராதது கனமான காரணம். ஆனால் அது சேர்ந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. தொலைதூரச் சண்டையில் ஈடுபட மாட்டோம் என்ற மனநிலையில் இருந்த 1930களின் அமெரிக்கா, உள்ளே உட்கார்ந்தும் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். இதில் வரலாற்று ஆசிரியர்களிடையே இன்னும் சண்டை நடக்கிறது. இவற்றோடு நான்காவதாக ஒன்றை எழுதுங்கள்: சங்கத்தைத் தாங்க வேண்டிய பிரிட்டனும் பிரான்சும், தங்கள் வேறு கணக்குகளுக்கு இடைஞ்சல் வந்த ஒவ்வொரு தடவையும் அதைக் கைவிட்டன. தேர்வுத்தாளில் முதல் மூன்றையும் எழுதிவிட்டுத்தான் இதைச் சேர்க்க வேண்டும். திருத்துகிறவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பில் அந்த மூன்றுதான் இருக்கும்.

எல்லாம் வீணா என்றால், இல்லை. 1928இல் பாரிஸில் 15 நாடுகள் கையெழுத்திட்ட, போரைக் கொள்கைக் கருவியாகப் பயன்படுத்த மாட்டோம் என்ற ஒப்பந்தத்தை எல்லோரும் கேலி செய்தார்கள். அந்த ஒப்பந்தம்தான் நியூரம்பெர்க்கில் நாஜித் தலைவர்கள்மேல் ஆக்கிரமிப்புப் போர்க் குற்றம் சாட்டியபோது சட்டப் பிடிமானமாக நின்றது. நாடிழந்தவர்களுக்குச் சங்கத்தின் அகதிகள் ஆணையர் நான்சென் கொடுத்த கடவுச்சீட்டு, சங்கத்தின் சுகாதார அமைப்பு, 1922இல் தொடங்கிய நிரந்தர நீதிமன்றம் எல்லாம் பெயர் மாறி, உருமாறி இன்றும் இயங்குகின்றன. 1945இல் ஐ.நா. சாசனம் எழுதியவர்கள் வீட்டோவை, அதாவது பெரிய நாடு ஒன்று தனியாகவே முடிவைத் தடுக்கும் உரிமையை, வைத்ததும் இந்த அனுபவத்தில்தான். பெரிய நாட்டை அதன் விருப்பத்துக்கு எதிராகக் கட்டிவைக்க முடியாது, கட்டப் பார்த்தால் ஜப்பானைப் போல வெளியே போய்விடும், ஆகவே உள்ளேயே வைத்துக்கொள்வோம் என்ற கணக்கு. அநியாயமான விதிதான். பாதுகாப்பு மன்றத்தின் நிரந்தர உறுப்பினர் எவரும் அதற்குப் பிறகு ஐ.நா.வை விட்டு வெளியேறவில்லை என்பதும் உண்மை.

இந்தியா எப்படி உறுப்பினரானது என்பதற்கு விடை ஒரு சட்ட ஓட்டையில் இருக்கிறது. முதல் உலகப் போரில் இந்தியப் படைகள் பெரிய அளவில் போரிட்டதால், வெர்சாய் ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குத் தனிக் கையெழுத்து கிடைத்தது. போட்டவர்கள் பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவும் பிகானேர் மகாராஜா கங்கா சிங்கும். சாசனத்தின் 1ஆம் விதி, புதிதாகச் சேரும் நாடு தன்னாட்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடுகள் பிற்சேர்க்கைப் பட்டியல் வழியாக நேரடியாக நிறுவன உறுப்பினர்கள். இந்தியா அந்தப் பட்டியலில் வந்துவிட்டது. பிரதிநிதிகளை நியமித்ததும் அவர்களுக்கு உத்தரவு போட்டதும் லண்டன். 1921இல் போனவர்களில் வலங்கைமான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி ஒருவர். இந்தியக் குழுவுக்கு ஓர் இந்தியரே தலைமை தாங்கியது 1929இல்தான். அவர் சைதாப்பேட்டையில் பிறந்த முகமது ஹபிபுல்லா. ஆகா கான் 1937இல் பேரவைத் தலைவராகவே இருந்தார். இதே வழியில்தான் 1945 ஜூனில், விடுதலைக்கு இரண்டு ஆண்டு முன்பே, சான் பிரான்சிஸ்கோவில் இந்தியா ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்டது. குழுத் தலைவர் ஆற்காடு ராமசாமி முதலியார். அவரை நியமித்தது பிரிட்டிஷ் இந்திய அரசு. இந்தக் குழு இந்திய மக்களின் பிரதிநிதி அல்ல என்று அதே ஊரில் வெளியே கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார் விஜயலட்சுமி பண்டிட்.